காபிக்கு அடியில் மறைந்த சரிவு: ஆட்டோகேடில் வண்ணப் பகுதிகளை அடுக்கிய அனுபவம்

நேற்று மாலை சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் பிரிண்ட் கடையில் ஒரு மனைப் படத்தின் ஏ1 தாளை விரித்துப் பார்த்தேன். சரிவு சரிவாகவே தெரிந்தது. காபி பச்சை, ஓடை நீலம், எழுத்தெல்லாம் எதிலும் மறையாமல் மேலே. இந்த ஒரு தாளுக்குப் பதினோரு மணி நேரமும் ஐந்து பிரிண்டும் போயிருக்கின்றன. எங்கெங்கே வழி தவறினேன் என்பது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எங்களைப் போல இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கும் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் இதே தொல்லை அடிக்கடி வரும்.

வேலை இதுதான். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் ஓரத்தில் 2.40 ஏக்கர். அதில் மூன்று காட்டேஜ், உள்சாலை, பார்க்கிங். ஏற்காடு, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமமான ஹாக்காவுக்கு உட்பட்ட மலைப்பகுதி என்பதால் சரிவு, ஓடை, மரம் மூன்றையும் முதல் நாளிலிருந்தே படத்தில் தெளிவாகக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். சர்வே செய்தவர் ஒரு மீட்டர் உயர இடைவெளியில் கான்டூர் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்டுக் கொடுத்திருந்தார். மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவும் அதைவிடச் செங்குத்தான இடமும் சிவப்பு என்று நாங்களே ஓர் அளவு வைத்துக்கொண்டோம். கான்டூர் கோடுகள் மூன்று மீட்டரைவிட நெருங்கினால் அங்கே கட்டடம் கிடையாது.

முதல் படத்தை எடுத்துக்கொண்டு டிசம்பரில் மலை ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பனிதான். தோட்டத்தில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். களத்து மேட்டிலேயே தாளை விரித்தோம். தோட்டக்காரப் பெரியவர் கிழக்கு மூலையில் விரலை வைத்தார்.

"ஏன் தம்பி, இங்க முழுக்கப் பச்சையாத்தானே இருக்குது? பள்ளத்தாக்கு வியூ வேற. ரெண்டு காட்டேஜ இங்க போட்டுரலாங்களே?"

அந்த மூலைதான் இருப்பதிலேயே செங்குத்து. சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே நடந்து அந்த இடத்துக்குப் போனால், மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். நான் அதற்குச் சிவப்பு போட்டிருந்தேன். ஆனால் சிவப்புக்கு மேலே காபியின் பச்சை ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தத் தாளை நம்பி அவர் முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் யோசித்துக்கொண்டே வந்தேன். மறுநாளே கோப்பைத் திறந்தேன்.

பச்சை ஏன் மேலே வந்தது என்பதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. கணினியில் படம் வரைய நாங்கள் பயன்படுத்தும் ஆட்டோகேட் மென்பொருளில், பிறகு வரைந்தது முதலில் வரைந்ததற்கு மேலே நிற்கும். புதிதாகப் போடும் ஹேட்ச் (ஓர் எல்லைக்குள் நிரப்பும் நிறம் அல்லது கோட்டு வடிவம்) தன் எல்லைக் கோட்டுக்கு நேர் பின்னால் போய் உட்காரும். அதுதான் வழக்கமான அமைப்பு. எல்லைக் கோடே கடைசியில் வரைந்ததாக இருந்தால், ஹேட்ச்சும் பழையவற்றுக்கெல்லாம் மேலே வந்துவிடும். சர்வே கையில் இருந்ததால் சரிவை முதலில் வரைந்தோம், காபியைக் கடைசியில். வேலை நடந்த வரிசையே படத்தின் வரிசையாகிவிட்டது.

மொத்தம் 23 ஹேட்ச். காபி 9 துண்டு, சாலையும் பார்க்கிங்கும் 4, சரிவு 4, காட்டேஜ் பகுதி 3, ஓடை 2, மனை முழுவதற்கும் அடியில் ஒரு வெளிர் மஞ்சள். இத்தனையும் ஒரே லேயரில் (பொருள்களை வகை பிரித்து வைக்கும் பெயரிட்ட தொகுதி) இருந்தன, நிறம் மட்டும் வேறு. எல்லாத் தொல்லைக்கும் வேர் அந்த ஒரே லேயர்தான். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

காபியைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் டிரா ஆர்டர் (மேல் கீழ் வரிசை) போய், சென்ட் டு பேக் (எல்லாவற்றுக்கும் பின்னால் அனுப்பு) கொடுத்தேன். காபி மொத்தமாகக் காணாமல் போனது. அடியில் இருக்க வேண்டிய வெளிர் மஞ்சளுக்கும் அடியில் அது போய்விட்டது. சரி, மஞ்சளை அதற்கும் கீழே தள்ளினேன். பார்த்தால் சாலையின் ஒரு துண்டு காபிக்குக் கீழே கிடந்தது. அதைத் தூக்கினால் ஓடை மறைந்தது. அதே பட்டியலில் 'இந்தப் பொருளுக்கு மேலே', 'இந்தப் பொருளுக்குக் கீழே' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. அவற்றை வைத்துத் துண்டு துண்டாகச் சரிசெய்ததில் ஒரு மதியம் முழுக்கப் போனது. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததும் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, எங்களிடம் வேலை பழகும் பெண் சாலையை ஒன்றரை மீட்டர் தள்ளினாள். பழைய ஹேட்ச்சை அழித்துவிட்டுப் புதுக் கோட்டில் புதிதாகப் போட்டாள். அவள் செய்தது சரியான வேலைதான். ஆனால் புதுச் சாலை எல்லாவற்றுக்கும் மேலே ஏறி, சரிவின் ஒரு பகுதியை மூடிக்கொண்டது. ஒவ்வொரு பொருளுக்கும் கையால் கொடுக்கிற வரிசை, அந்தப் பொருள் அழிந்தால் கூடவே போய்விடும். திருத்தம் வராத கட்டடப் படம் எங்கே இருக்கிறது? கையால் அடுக்குவதை அன்றோடு விட்டேன்.

அடுத்து ஹேட்ச் டு பேக். படத்தில் உள்ள எல்லா ஹேட்ச்சையும் ஒரே அடியில் மற்ற பொருள்களுக்குப் பின்னால் அனுப்பும் கட்டளை. கூடவே டெக்ஸ்ட் டு ஃபிரன்ட், எழுத்தையும் அளவுக் கோடுகளையும் முன்னால் கொண்டுவருவதற்கு. இரண்டும் நல்ல கட்டளைகள். எழுத்து மறைகிற பிரச்சினை அரை நிமிடத்தில் தீர்ந்தது. ஆனால் ஹேட்ச்சுக்கும் ஹேட்ச்சுக்கும் நடுவே எது மேலே எது கீழே என்பதை ஹேட்ச் டு பேக் தொடுவதே இல்லை. எனக்கு வேண்டியதோ அதுதான்.

இதற்கு நடுவே கான்டூரும் சேர்ந்துகொண்டது. சர்வே கோப்பை எக்ஸ்ரெஃபாக, அதாவது வெளிக் கோப்பாகவே, இணைத்திருந்தேன். அதில் கான்டூரோடு மரங்களும் இருந்தன, ஒவ்வொரு மரமும் நிறைத்த பச்சை வட்டமாக. கான்டூர் வண்ணத்துக்கு மேலே வர வேண்டும், மரவட்டம் எந்தப் பெயரையும் மறைக்கக் கூடாது. ஆனால் வரிசையைப் பொறுத்தவரை எக்ஸ்ரெஃப் முழுவதும் ஒரே பொருள். மேலே வந்தால் மரமும் கான்டூரும் சேர்ந்து வரும், கீழே போனாலும் அப்படியே. உள்ளே இருக்கும் ஒன்றை மட்டும் பிரித்து நகர்த்த முடியாது. ஒரு மணி நேரம் முட்டிவிட்டு, கோப்பை இரண்டாகப் பிரித்தேன்: கான்டூர் தனி, மரம் தனி. மரத்தின் நிறைப்பை எடுத்துவிட்டு வெறும் வளையமாக்கினேன். பத்து நிமிட வேலை. சர்வே கோப்பு கைக்கு வந்த அன்றே செய்திருக்க வேண்டியது.

பல கோடுகளைக் கட்டி ஒரே பொருளாக்கும் பிளாக்கும் இதே கதைதான். காட்டேஜ் பிளாக்குக்குள் கூரைக் கோடுகளும், கான்டூர் ஊடே தெரியாமல் இருக்க ஒரு வைப்அவுட்டும் (அடியில் இருப்பதை மறைக்கும் வெற்றுக் கட்டம்) இருந்தன. மூன்று காட்டேஜில் கூரைக் கோடுகளே தெரியவில்லை, வெறும் வெள்ளைக் கட்டம். வெளியிலிருந்து எத்தனை முறை முன்னால் கொண்டுவந்தாலும் பிளாக் மொத்தமாக நகர்ந்ததே தவிர, உள்வரிசை மாறவில்லை. பிளாக் எடிட்டரைத் திறந்து, வைப்அவுட்டை உள்ளேயே பின்னால் தள்ளிச் சேமித்ததும் மூன்று காட்டேஜும் ஒன்றாகச் சரியாகின.

இனி பிரிண்ட். காசு கரைந்தது இங்கேதான். சரிவின் சிவப்புக்கு 50 சதவீதம் டிரான்ஸ்பரன்சி கொடுத்திருந்தேன். அடியில் இருக்கும் காபியின் பச்சை மங்கலாகத் தெரியும், திரையில் பார்க்க அவ்வளவு அழகு. கடையில் எடுத்த பிரிண்டில் சிவப்பு கெட்டியாக விழுந்து, அடியில் காபி இருந்த அடையாளமே இல்லை. முதலில், பொருள்களின் வரிசையைக் கட்டுப்படுத்தும் சார்ட்என்ட்ஸ் என்ற அமைப்பின் மதிப்பைச் சந்தேகப்பட்டேன். அது மாறியிருந்தால் திரையில் ஒரு வரிசையும் பிளாட்டில் (அச்சு வெளியீட்டில்) வேறு வரிசையுமாக வரலாம். பார்த்தால் வழக்கமான 127தான் இருந்தது. பிறகுதான் பிளாட் பெட்டியின் வலப்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே 'பிளாட் டிரான்ஸ்பரன்சி' என்று ஒரு கட்டம், டிக் இல்லாமல். அதை டிக் செய்யாவிட்டால் திரையில் ஊடுருவித் தெரிவதெல்லாம் தாளில் கெட்டியாகத்தான் விழும்.

டிக் செய்தேன். பிடிஎஃப் 2 எம்பியிலிருந்து 31 எம்பிக்கு ஏறியது, மெல்லிய கான்டூர் கோடுகள் ரம்பப் பல் போல வந்தன. டிரான்ஸ்பரன்சியோடு பிளாட் செய்தால் கோடுகள் கோடுகளாகப் போகாமல் படமாக மாறிப் போகும் என்பதை அந்தப் பிரிண்ட் சொல்லிக் கொடுத்தது. ஏ1 வண்ணத் தாள் ஒன்று 220 ரூபாய். அதுவரை நான்கு தாள், 880 ரூபாய்.

அன்று சாயங்காலம் பிரிண்ட் கடைக்கு எதிரே வண்டிக் கடையில் தட்டு வடை செட் சாப்பிட நின்றேன். அடியில் ஒரு தட்டு வடை, அதன் மேல் சட்னி, அப்புறம் கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், கடைசியில் மேலே இன்னொரு வடை. கடைக்காரர் ஒரே நேரத்தில் எட்டுத் தட்டுக்குப் போடுகிறார், முதலில் எட்டு வடை, பிறகு எட்டுக்கும் சட்னி. ஒவ்வொரு செட்டாக யோசிப்பதில்லை. அடுக்கை ஒருமுறை முடிவு செய்துவிட்டு வகை வகையாகப் போட்டுக்கொண்டே போகிறார். நான் 23 துண்டையும் தனித்தனியாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வகைக்கு ஒரு லேயர் இருந்தால் அடுக்கை அந்த லேயரிலேயே எழுதி வைத்துவிடலாமே.

அலுவலகம் திரும்பி, ஒரு தாளில் பென்சிலால் அடுக்கை எழுதினேன். அடியிலிருந்து மேலே: மனை, காபி, காட்டேஜ் பகுதி, சாலை, ஓடை, சரிவு. லேயர் பெயர்களின் முன்னால் எண் வைத்தேன். மனைக்கு 10, காபிக்கு 20, அப்படியே சரிவுக்கு 60 வரை. பத்துப் பத்தாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு நாள் கழித்துப் பெரியவர் மழைநீர்த் தொட்டிக்கு இடம் கேட்டபோது, 45 என்று ஒரு லேயரைச் சாலைக்கும் ஓடைக்கும் நடுவே நுழைக்க முடிந்தது.

எண் வைத்ததால் மட்டும் ஆட்டோகேட் தானாக அடுக்கிவிடாது. லேயருக்கும் வரிசைக்கும் அங்கே ஒரு தொடர்பும் கிடையாது. அதற்காக ஆட்டோகேடுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் மொழியில் சிறிய நிரல் ஒன்று எழுதினேன், நாற்பது வரிக்குள். அது செய்வது இவ்வளவுதான்: ஒரு லேயரில் உள்ள ஹேட்ச்சையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும், டிரா ஆர்டர் கட்டளைக்குக் கொடுக்கும், அடுத்த லேயருக்குப் போகும். ஒரே லேயரின் ஒன்பது காபித் துண்டையும் சேர்த்து நகர்த்தினாலும் அவற்றுக்குள் இருக்கும் வரிசை கலையாது.

முதல் முயற்சியில் அடியிலிருந்து தொடங்கி, 10, 20, 30 என்று ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவந்தேன். வண்ணங்கள் சரியாக அடுக்கின. ஆனால் அத்தனையும் எழுத்துக்கும் கான்டூருக்கும் மேலே வந்து நின்றன. ஆகவே திசையைத் திருப்பினேன். மேலே இருக்க வேண்டிய 60 முதலில் பின்னால் போகும். பிறகு 50 அதற்கும் பின்னால். கடைசியாக 10 எல்லாவற்றுக்கும் அடியில். கடைசியில் தள்ளப்படுவதுதான் அடித்தளம். வண்ணங்களும் அடுக்கிவிட்டன, கோடுகளும் எழுத்தும் தொடப்படாமல் மேலேயே நின்றன.

இரண்டு இடத்தில் நிரல் முறிந்தது. லேஅவுட் தாளில் (அச்சுக்குப் படத்தை அமைக்கும் பக்கம்) வண்ண விளக்கப் பட்டியலுக்காகச் சிறிய ஹேட்ச் கட்டங்கள் வரைந்திருந்தேன். தேர்வு அவற்றையும் பிடித்துக்கொண்டது. அவை மாடலில் (படத்தையே வரையும் வெளி) இல்லாதவை என்று கட்டளை முரண்டு பிடித்தது. தேர்வில் 'மாடலில் இருப்பவை மட்டும்' என்று ஒரு வடிகட்டி சேர்த்தேன். இரண்டாவது, ஹேட்ச்சே இல்லாத காலி லேயர் வந்ததும் நிரல் நின்றுபோனது. 'கிடைத்தால் மட்டும் நகர்த்து' என்று ஒரு சோதனையைச் சேர்த்ததும் ஓடியது. எழுதவும் திருத்தவும் இரண்டு மணி நேரம். இப்போது 23 ஹேட்ச்சும் மூன்று நொடியில் அடுக்கில் நிற்கின்றன. யார் எதை அழித்து எதைப் புதிதாகப் போட்டாலும், பிளாட் எடுக்கும் முன் ஒருமுறை ஓட்டினால் போதும்.

சரிவுக்கு டிரான்ஸ்பரன்சியைக் கைவிட்டேன். கெட்டி நிறத்துக்குப் பதில் சாய்கோடு, ஏஎன்எஸ்ஐ 31 என்ற வடிவம், சிவப்பில், பின்னணி நிறம் இல்லாமல். எங்கள் படம் மீட்டர் அலகில் இருக்கிறது. அளவு 1 என்று வைத்தால் கோட்டுக்குக் கோடு 3.175 மீட்டர்; 1:200 தாளில் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். அது கான்டூர் இடைவெளியைப் போலவே தெரிந்து கண்ணைக் குழப்பியது. 0.25 ஆக்கினேன், தாளில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். காபியின் பச்சையும் தெரிகிறது, சிவப்பும் தெரிகிறது, பிடிஎஃப் மறுபடி 2 எம்பி. ஐந்தாவது தாள் அதுதான்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு கேள்வி வந்தது. பரப்பளவுப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் கேட்டாள். "சார், கூட்டினா மனையைவிட அதிகமா வருது." மனை 9,712 சதுர மீட்டர். மஞ்சள் அடித்தளத்தை விட்டுவிட்டு ஹேட்ச் பரப்புகளை மட்டும் கூட்டினால் 12,447. அதாவது 2.40 ஏக்கர் நிலம் 3.08 ஏக்கராகியிருந்தது. இதில் 2,310 சதுர மீட்டர் சரிவு. அது காபி மீதும் காட்டேஜ் பகுதியின் ஓரத்திலும் படர்வது, கூட்டலில் வரவே கூடாதது. மீதி 425 எங்கே என்று தேடினால், காபித் துண்டுகளின் எல்லையைச் சாலைக்கு அடியில் நடுக்கோடு வரை இழுத்துவிட்டிருக்கிறோம். சாலை மேலே நின்று அதை மறைத்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. வரிசை அழகாக அமைந்தால் இப்படிப்பட்ட பிழையும் அழகாக மறைந்துவிடும். இந்த வேலையில் என்னை மிகவும் பயமுறுத்தியது இதுதான்.

காபி எல்லையைச் சாலை ஓரத்தில் வெட்டினோம். காபி 6,480, காட்டேஜ் பகுதி 1,362, சாலையும் பார்க்கிங்கும் 1,150, ஓடை 720. கூட்டினால் 9,712 சரியாக நிற்கிறது. இப்போது நான் பார்க்கும் சோதனை வேறு: 10-ஐயும் 60-ஐயும் அணைத்துவிட்டு, மீதி லேயர்களை எந்த வரிசையில் கலைத்துப் போட்டாலும் படம் மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் எங்கோ ஒரு எல்லை இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது.

காட்டேஜின் உள்படத்தை நண்பர் ஒருவர் ரெவிட் என்ற இன்னொரு மென்பொருளில் செய்துகொடுத்தார். அங்கே இந்தப் பாடு இல்லை. அறைக்கு அறை வண்ணம் தரும் கலர் ஸ்கீமை முன்னணியிலோ பின்னணியிலோ வைக்கலாம், அவ்வளவுதான். முன்னணியில் இருந்ததால் கட்டிலும் மேசையும் நிறத்துக்குள் மூழ்கிக் கிடந்தன. பின்னணிக்கு மாற்றியதும் மேலே வந்துவிட்டன. அறைகள் ஒன்றின்மேல் ஒன்று படராததால் அது போதும். மனைப் படத்தில் சரிவு எல்லாவற்றின் மேலும் படர்கிறது, ஆகவே அது போதாது.

அடுத்த வேலையில் முதல் நாளே லேயர் எண்களோடுதான் கோப்பைத் திறப்பேன். சர்வே கோப்பைக் கேட்கும்போதே மரமும் கான்டூரும் தனித்தனியாக வேண்டும் என்று சொல்லிவிடுவேன். வண்ண விளக்கப் பட்டியலையும் அதே அடுக்கில் எழுதுவேன், மேலே நிற்பது மேலே. இந்தத் தாளில் அது இன்னும் அகர வரிசையில்தான் இருக்கிறது. முதல் பிரிண்டை ஏ3-இல் எடுத்துப் பார்த்திருந்தாலே டிரான்ஸ்பரன்சி தவறு குறைந்த காசில் தெரிந்திருக்கும். ஐந்து தாளுக்கு 1,100 ரூபாய் ஆகியிருக்காது.

இன்று காலை தாளோடு மறுபடி ஏறினேன். பெரியவர் கிழக்கு மூலைச் சிவப்புக் கோடுகளைச் சற்று நேரம் பார்த்தார். "அந்தப் பலா மரத்துக்குக் கீழ இருக்கற எடந்தானே இது? அங்க மழைக்கு மண்ணு இறங்கும் தம்பி, நானே பாத்திருக்கேன்" என்றார். பிறகு பென்சிலை வாங்கி, வடக்கே களத்து மேட்டை ஒட்டி இருக்கும் வெற்று இடத்தில் இரண்டு கட்டம் போட்டார். அங்கே சிவப்பு இல்லை. கான்டூர் இடைவெளியை ஸ்கேலால் அளந்தேன், 40 மில்லிமீட்டர். எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். காட்டேஜ் லேயரை அங்கே நகர்த்தும் வேலை நாளைக்கு.